நாற்றத்துக்கு ஆளுக்கொரு பெயர்

அத்தியாயம் ஏழு

லயனலின் வயிற்றில் ஒரு கொண்டைக் கவும் கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது. நேற்றுக் காலை ஆறே காலுக்கு உள்ளே போனது, இன்று பத்து மணி ஆகியும் செரிக்கவில்லை. கவும் மேல் குற்றமில்லை. பாவம் எங்கே செரிக்கும்?

அது பிக்குமாருக்குத் தானம் வைக்கப் போன கூடையில் இருந்த கவும், உச்சியில் கொண்டை நிற்க எண்ணெயில் பொரித்த இனிப்பு. தானப் பண்டத்தைப் பிக்குமார் தொடுவதற்கு முன்னால் சமைத்தவளே ருசி பார்க்க மாட்டாள். மூக்கருகே கொண்டுபோய் முகரக்கூட மாட்டாள். லயனலும் முகரவில்லை. ஆட்டோவைப் பாலத்தடியில் ஓரங்கட்டி, கூடையை மூடியிருந்த வெள்ளைத் துணியைத் தூக்கி, மேலாக இருந்ததில் ஒன்றை எடுத்து நேரே விழுங்கிவிட்டான். பிறகு தானம் கொடுக்கும் ஜினதாச முதலாளி வீட்டுப் பின்வாசலில் கூடையை இறக்கிக் கொடுத்துவிட்டு, பூனை மாதிரி வந்துவிட்டான். பத்து மணிக்கு அதே கூடையைத் திறந்தபோது வீடே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்கு வயிறு சரியில்லை.

இதைத் தன் எஜமானர் கொடிதுவக்கு மாத்தயாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நேற்றிலிருந்து பத்துத் தடவை வாயைத் திறந்தான். பத்துத் தடவையும் கொட்டாவிதான் வந்தது.

கொடிதுவக்கு கலால் இலாகாவில் இருபத்தெட்டு வருஷம் கள்ளச் சாராயத்தை மோப்பம் பிடித்தே பெயர் வாங்கியவர். ஓய்வு பெற்ற வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அது அவருடைய மோப்பத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. இப்போது அவருக்கு மல்லிகையும் மாட்டுச் சாணமும் ஒன்றுதான். துப்பறியும் தொழிலை மட்டும் விடவில்லை. வண்டியோட்டவும், மூக்காக இருக்கவும், வாயாடவும் லயனலைச் சேர்த்துக்கொண்டார். மூன்றாவது வேலைக்குச் சம்பளம் கிடையாது.

"வழுக்கைத் தலையன்கிட்ட சீப்பு யாவாரம் பேச வந்த மாதிரி இருக்கு மாத்தயா. போயும் போயும் நாத்தக் கேஸு, அதுவும் உங்ககிட்ட" என்றான் லயனல்.

"வாயை மூடு மல்லி. அக்கா பேசட்டும்" என்றார் கொடிதுவக்கு. தம்பி என்ற உரிமையில் லயனலை அவர் மல்லி என்றுதான் கூப்பிடுவார்.

எமலின் அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது. முழங்கை வரை எண்ணெய் தெறித்த தழும்புகள். மாத்தறையிலிருந்து அந்தப் பக்கம் பத்து மைலுக்குக் கவும் என்றால் எமலின்தான்.

"பத்தொம்பது வருஷமா, பிக்குமாருக்குச் சீவரம் குடுக்கிற கட்டின ஊர்வலத்துல முதல் தட்டு என் தட்டு மாத்தயா. இன்னைக்கு நாலு மணிக்குப் பன்சலையில விகாரைக் கமிட்டி கூடுது. என் தட்டை எடுத்துடப் போறாங்க. தட்டு போச்சுன்னா பொழப்பும் போச்சு. முதலாளியோட செத்துப்போன அம்மாவோட மூணாம் மாசத் தானத்துக்குக் கெட்டுப்போனதைக் குடுத்தவகிட்ட எவ வாங்குவா? காலையில ஒருத்தி என் வேலியோரமா நின்னு மூக்கைப் பொத்திக்கிட்டு, துப்பிட்டுப் போறா. என்கிட்ட கடனுக்கு வாங்கித் தின்னவ!"

"முந்தின நாள் ராத்திரி சுட்டதுதானே?"

"விடிய விடியச் சுட்டேன். எண்ணெய் புதுசு, கித்துள் பாணிப் பாகு புதுசு. அது எப்படிக் கெடும்?"

"சரி, ஒருவேளை கெட்டுச்சுன்னு வச்சுக்க. கவும் கெட்டா என்ன வாடை வரும்?"

எமலினுக்கு அழுகை நின்று கோபம் வந்தது. "சிக்கு வாடை! வேற பேரே கிடையாது. சோறு ஊசும். மீன் கவிச்சி அடிக்கும். பாண் ரொட்டி பூஞ்சணம் பூக்கும். பிஸ்கட் நமுத்துப்போகும். எண்ணெய்ப் பண்டம் பழசானா சிக்கு வாடைதான் அடிக்கும். இதுகூடத் தெரியாததுங்க எல்லாம் ஊசிப்போச்சு, ஊசிப்போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதுங்க."

கொடிதுவக்கு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, 'சிக்கு' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"மூக்குதான் போச்சு, காது இருக்கே. வண்டியை எடு" என்றார்.

ஜினதாச முதலாளி சந்தியில் இரும்புக்கடை வைத்திருப்பவர். வீட்டுக் கூடத்தில் வெள்ளைத் துணி விரித்த இருக்கைகள் இன்னும் எடுக்கப்படாமல் கிடந்தன. பன்சலைக் கமிட்டிச் செயலாளர் குணதிலக அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். பழைய தலைமை வாத்தியார். அறிக்கை நாலாம் பக்கத்தில் இருந்தது.

கொடிதுவக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எல்லோரிடமும் கேட்டார். "என்ன நாத்தம்?"

"செத்த எலி மாத்தயா! சாட்சாத் செத்த எலி" என்றார் ஜினதாச. "துணியைத் தூக்கினவன் நான்தான். என் குடோன்ல மாசத்துக்கு ஒண்ணு சாகும், எனக்குத் தெரியாதா?"

"ஈரத்துணியைச் சுருட்டி மூலையில போட்டு மறந்தா ஒரு முடை நாத்தம் வருமே, அதேதான்" என்றாள் அடுத்த வீட்டுத் தையல்காரி.

"ஊசல்" என்றார் குணதிலக, தலை நிமிராமல். "மூன்று நாள் பழைய சோற்றின் ஊசல். அறிக்கையில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்."

"கவிச்சி. மீன் கழுவின தண்ணி" என்றார் சமையலுக்கு வந்திருந்த மார்ட்டின். துறைமுகத்தில் மீன் வெட்டிப் பழகிய மனுஷன்.

லயனல் மெதுவாகச் சொன்னான். "எலி, துணி, சோறு, மீனு. ஒரு கூடைக்குள்ள ஊரே செத்துக் கிடந்திருக்கு மாத்தயா."

கடைசியாக வந்தவள் ஹேமா, முதலாளியின் தங்கை. வயலுக்கு அந்தப் பக்கம், சுடுகாட்டைத் தாண்டி வாழ்க்கைப்பட்டவள். தானத்துக்காக முந்தின நாள் சாயங்காலமே வந்து தங்கியிருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அம்மா செத்து மூன்று மாதம்தானே.

"நான் கிட்டயே போகலை மாத்தயா. வாசப்படியில நின்னேன். அங்க வரைக்கும் சிக்கு வாடை அடிச்சுது."

"நீங்க கவும் சுடுவீங்களா நோனா?"

அவள் பதில் சொல்வதற்குள் ஜினதாச சிரித்தார். "இவளா? இவ சுட்டா கொண்டை நிக்காது மாத்தயா, படுத்துக்கும். எங்கம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. தானத்துக்கு நானே சுடறேன்னு நின்னா. குடும்ப மானம் போயிடும், எண்ணெய்ச் சட்டி பக்கமே வராதேன்னுட்டேன்."

"ஆமா, நான் அந்தப் பக்கமே போறதில்லை" என்றாள் ஹேமா. உள்ளே போய்விட்டாள்.

பின்கட்டில் மார்ட்டின் குழி மூடிய இடத்தைக் காட்டினார். "கொட்டினேன், மூடினேன். காக்காகூட இறங்கலை. ஒண்ணுதான் மிச்சம் வச்சேன்." அவர் மாமரத்தைக் காட்டினார். மரத்தில் ஒரு நாலு அங்குல ஆணி அடித்திருந்தது. அதில் அவருடைய சாப்பாட்டுப் பை தொங்கியது. "கூடைக்குள்ள கிடந்துச்சு. நல்ல ஆணி, மண்ணுல போட மனசு வரலை."

கொடிதுவக்கு ஆணியைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் லயனலைத் தள்ளிக்கொண்டு வண்டிக்கு வந்தார்.

"மாத்தயா, எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றான் லயனல். "டவுன்ல புதுசா இனிப்புக்கடை போட்டிருக்கானே சிரிவர்தன, அவன் வேலைதான். எமலின் அக்கா தட்டு மேல அவனுக்கு ஒரு கண்ணு. ஆளை விட்டுக் கூடையை மாத்தியிருப்பான்."

"சிரிவர்தனகிட்ட வேன் இருக்கா?"

"ரெண்டு இருக்கு."

"அப்போ அவன் இல்லை. நீயே சொல்லு, எமலின் கூடையில ஆணி வச்சு அனுப்புவாளா?"

"எதுக்கு? விடிஞ்சப்புறம்தானே ஏத்தினேன். பொரிச்ச பண்டத்தைப் பொழுது சாயும்போது எடுத்துட்டுப் போனாத்தான் வாடைக்குப் பேய் பிசாசு, அந்த யக்கா, பின்னாலயே வருவான், அப்பத்தான் இரும்பு வைக்கணும். அதுவும் நடந்து போறவங்களுக்கு. என் வண்டி முழுக்க இரும்பு மாத்தயா, அதுவும் துருப்பிடிச்ச இரும்பு. எந்த யக்கா ஏறுவான்?"

"ஏறினா பாதி வழியில இறங்கித் தள்ளணும்னு அவனுக்கும் தெரியும். இப்போ யோசி. ஆணி வச்ச கூடை நேத்துக் காலையில உன் வண்டியில வரலை. எவன் வேன்லயும் வரலை. முந்தின நாள் பொழுது சாயற நேரத்துல நடந்து வந்திருக்கு."

லயனல் வாயைப் பிளந்தான். "அப்போ ரெண்டு கூடை!"

"ரெண்டு கூடை. ஆனா கமிட்டி நம்பாது. 'எமலினே ஆணி வச்சிருப்பா, பயந்தாங்கொள்ளி'ன்னு வாத்தியார் அஞ்சாம் பக்கத்துல எழுதுவார். வந்த கூடை நல்ல கூடைன்னு சொல்ல ஒரு சாட்சி வேணும். அதுதான் கிடையாது. சுட்டவளே ருசி பாக்கலை. ஊர்ல ஒருத்தன் தின்னிருந்தாக்கூடப் போதும்."

லயனல் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். இந்தத் தடவை கொட்டாவி வரவில்லை.

"மாத்தயா... ஒருத்தன் தின்னான்."

"யாரு?"

"ரொம்ப நல்லவன். பாலத்தடியில பசிச்சுடுச்சு."

கொடிதுவக்கு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "கொண்டை?"

"நட்டமா நின்னுச்சு."

"உள்ளே?"

"சொன்னா இன்னும் ஒரு பாவம் சேரும் மாத்தயா. இப்பவும் நாக்குல ஊறுது."

"மடையா! நேத்தே சொல்லியிருந்தா அந்தப் பொம்பளை ஒரு ராத்திரி தூங்கியிருப்பாளே!"

"பிக்கு ஹாமதுருவுக்கு முன்னாடி தின்னவன்னு தெரிஞ்சா எனக்கு நரகம் மாத்தயா."

"நீ சொல்லாட்டி எமலினுக்கு நரகம். அதுவும் செத்தப்புறம் இல்லை, நாலு மணிக்கே."

லயனல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் பின்னால் மறுபடியும் வீட்டுக்குள் போனான்.

உள் நடையில் போகும்போது அவன் மூக்கு தானாக நின்றது. பின்னால் அவனும் நின்றான். ஒரு பூட்டின கதவு. ஹேமா எங்கிருந்தோ வேகமாக வந்து குறுக்கே நின்றாள்.

"அது அம்மா அறை. மூணு மாசமா யாரும் திறக்கிறதில்லை."

"திறக்க வேண்டாம் நோனா. மல்லி, கதவிடுக்குல என்ன வாடை?" என்றார் கொடிதுவக்கு.

லயனல் மண்டி போட்டான். மக்கல் வாடை வரும், பழந்துணி வாடை வரும், தைல வாடை வரும் என்று முகத்தை முன்கூட்டியே சுளித்துக்கொண்டு மூக்கை வைத்தான். சுளித்த முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

"நல்ல வாசனை மாத்தயா. கித்துள் பாணி, தேங்காயெண்ணெய்... ஐயோ, அதே வாசனை!"

"மூணு மாசமா பூட்டிக் கிடக்கிற அறையில மக்கல் வாடைதான் வரணும். நல்ல வாசனை வந்தா, இந்த வீட்டுலயே மோசமான நாத்தம் அதுதான்" என்றார் கொடிதுவக்கு.

ஹேமாவின் கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது. அவளும் கதவில் சாய்ந்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

கொடிதுவக்கு சிரமப்பட்டுக் குனிந்து அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆளுக்கொரு பேர் சொன்னாங்க நோனா. தெரியாத நாத்தம் வந்தா மனுஷன் தனக்குத் தெரிஞ்ச நாத்தத்தோட பேரைத்தான் வைப்பான். எலி சாகிற வீட்டுக்காரன் எலின்னான், துணி தைக்கிறவ துணின்னா. நீங்க ஒருத்திதான் சரியான பேரைச் சொன்னீங்க. எண்ணெய்ச் சட்டி பக்கமே போகாதவங்க."

"பழைய எண்ணெய் மாத்தயா" என்றாள் ஹேமா. அழுகையோடு அழுகையாக வந்தது. "போன மாசம் பொரிச்ச எண்ணெய், கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. புதுசு வாங்கினா வீட்டுக்காரர் எதுக்குன்னு கேப்பாரு. அஞ்சு நாளைக்கு முன்னாடி யாருக்கும் தெரியாம சுட்டேன். கொண்டை நின்னுச்சு! என் ஆயுசுல முதல் தடவையா நின்னுச்சு மாத்தயா. அம்மா பாத்திருந்தா... ஆறறதுக்குள்ள வாழையிலையைப் போட்டு மூடிட்டேன். அவங்க பேர்ல என் கையால ஒரு தடவை குடுத்துடணும்னு ஆசைப்பட்டேன். சாயங்காலம் எடுத்துட்டு வந்து இந்த அறையில வச்சேன். காலையில எமலின் அக்கா கூடை வந்ததும் அதை உள்ள வச்சுட்டு, அவங்க வெள்ளைத் துணியை எடுத்து என் கூடை மேல போட்டேன்."

"முகர்ந்து பாக்கலையா?" என்றான் லயனல்.

"தானப் பண்டத்தை எப்படி முகர்றது? அது பாவமில்லையா?"

லயனல் உதட்டைக் கடித்துக்கொண்டான். இருந்தாலும் வாய் நிற்கவில்லை. "கூடையை மாத்தப் பயப்படலை, இன்னொருத்தி பேர் கெடறதுக்குப் பயப்படலை. சுடுகாட்டோரமா வரப்போ யக்காவுக்கு மட்டும் பயந்து ஆணி வச்சீங்களே நோனா!"

"அண்ணன் துணியைத் தூக்கினதுமே தெரிஞ்சுபோச்சு" என்றாள் அவள். "எல்லாரும் எமலின், எமலின்னாங்க. நான் சும்மா நின்னேன். அவ்வளவுதான் செஞ்சேன். சும்மா நின்னேன்."

"அதுதான் பெரிய தப்பு" என்றார் கொடிதுவக்கு. "நாலு மணிக்கு ஒருத்தர் எந்திரிச்சுப் பேசணும். நான் உங்க கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போக மாட்டேன். நீங்க வரலைன்னா இவன் எந்திரிப்பான்."

"நானா?" என்றான் லயனல்.

பன்சலை மண்டபத்தில் நாலு மணிக்கு ஊரே பாயில் உட்கார்ந்திருந்தது. பெரிய ஹாமதுரு கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எமலின் அக்கா தூணோரமாகத் தனியாக இருந்தாள். அவளைச் சுற்றி நாலு பாய் காலி. குணதிலக வாத்தியார் ஏழு பக்க அறிக்கையை ஏற்ற இறக்கத்தோடு படித்து முடித்தார்.

"யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

லயனல் வாசலைப் பார்த்தான். ஹேமாவைக் காணோம். பக்கத்தில் கொடிதுவக்கு முழங்கையால் இடித்தார். எழுந்தான்.

"அந்தக் கவும் நல்லா இருந்துச்சு ஹாமதுருவனே. நான்... நான் ஒண்ணு தின்னேன்."

மண்டபம் அதிர்ந்தது. "பாவி!" என்றது ஒரு குரல். "தானத்துக்கு முன்னாடியா?" என்றது இன்னொன்று. குணதிலக கையை உயர்த்தினார். "தானப் பண்டத்தைத் திருடித் தின்றவனின் சாட்சியைக் கமிட்டி ஏற்க முடியாது. உட்கார்."

போச்சு, பாவத்தையும் ஒப்புக்கொண்டாயிற்று, பலனும் இல்லை என்று லயனல் உட்காரப் போனபோது வாசலில் சலசலப்பு. ஹேமா வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் பன்புல்லில் பின்னிய ஒரு கூடை. மேலே துணி இல்லை. கொண்டை கொண்டையாகக் கவும், பொன்னிறத்தில், இரண்டு நாள் ஆகியும் மண்டபம் முழுக்க மணந்தது. அவள் நேரே போய்க் கூடையைப் பெரிய ஹாமதுரு முன்னால் வைத்து விழுந்து கும்பிட்டாள். எழுந்து ஊரைப் பார்த்துத் திரும்பினாள்.

"இது எமலின் அக்கா சுட்டது. குழியில கொட்டினது நான் சுட்டது. அந்த நாத்தம் என்னோடது."

ஜினதாச முதலாளி பாதி எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவள் அவரைப் பார்க்காமல், ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பழைய எண்ணெய், ஆணி, கொண்டை நின்றது, எல்லாம். சொல்லி முடித்தபோது குணதிலக தன் ஏழு பக்கத்தையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

பெரிய ஹாமதுரு கண்ணைத் திறந்தார். "எமலின், நீ என்ன சொல்றே?"

எமலின் அக்கா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். ஹேமாவைப் பார்த்தாள்.

"அடியே, கொண்டை நிக்கலைன்னா என்கிட்ட வந்து கேக்கறதுக்கு என்னடி? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" அப்புறம் ஊர்ப் பக்கம் திரும்பினாள். இப்போதுதான் குரல் உயர்ந்தது. "இவளையாவது மன்னிச்சுடலாம் ஹாமதுருவனே. இவ அம்மாவுக்காகச் செஞ்சா. நீங்க எல்லாம் எதுக்குச் செஞ்சீங்க? என் வேலியில துப்பினீங்களே, அது எந்த அம்மாவுக்கு? கட்டினத்துக்கு நான் கவும் சுடறேன். ஆனா மாவு நான் இடிக்க மாட்டேன். நேத்துலேர்ந்து எவன் எவன் என் பேரைச் சொல்லி மூக்கைப் பொத்தினானோ, அவன் அவன் உலக்கையைத் தூக்கிட்டு என் வீட்டுக்கு வரணும்."

எல்லோரும் பாயைப் பார்த்தார்கள்.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டார் ஜினதாச முதலாளி.